கதிரையை விட்டு எழும்பட்டும் அம்மா

கேள்வி:

"அக்கா, பெயர் போட வேண்டாம். சுன்னாகம் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 61 வயது. இடது மார்பில் கட்டி வந்து, பயொப்சி செய்து புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடத்துக்குப் பரவவில்லையாம். முதலில் கீமோ, பிறகு ஒப்பரேஷன், கடைசியில் கதிர் பிடிப்பது என்று தெல்லிப்பழையில் முடிவு செய்திருக்கிறார்கள். கீமோ தொடங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அம்மாவுக்குப் பத்து வருடமாக நீரிழிவு, வலது முழங்காலில் நோவு. முந்தி விடிய எழும்பி முற்றம் கூட்டி, கிணற்றில் அள்ளிப் பூக்கன்றுக்கு ஊற்றி, கோயிலுக்கும் நடந்து போய் வருவா. இப்போது நாங்கள் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. சாய்மனைக் கதிரையில்தான் இருக்கிறா. இரண்டு கிழமைக்குள் நல்லாய்க் களைத்துப்போனா. கனடாவில் இருக்கிற அண்ணா ஒவ்வொரு நாளும் உடற்பயிற்சி வீடியோ அனுப்புகிறார். பெரியம்மா 'ஆட்டி அசைச்சால் கட்டி பரவும், பேசாமல் படுக்கவிடுங்கோ' என்கிறா. நல்லூர் கொடியேறி நாலு நாள். அம்மா அடி அழிக்க நேர்த்தி வைத்திருக்கிறா. வீட்டில் மச்சம் நிற்பாட்டியாச்சு. அயலுக்கு ஒன்றும் தெரியாது, தெரியக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. யார் சொல்வதைக் கேட்பது?"

பதில்:

தங்கச்சி,

கடிதங்களுக்குப் பதில் எழுத நான் எப்போதும் சுணங்குகிறவள். உங்களுடையதுக்குக் கிடைத்த இரவே எழுத இருந்துவிட்டேன். அம்மாவுக்குக் கிடைத்திருப்பதே 21 நாள். அதில் என் சோம்பலுக்கு இடமில்லை.

பெரியம்மாவின் பயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் பெரியம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. பருத்தித்துறையிலிருந்து பளை வரை எந்த வீட்டுக்குப் போனாலும் அதே வசனத்தைக் கேட்கிறேன். நடந்தால், குனிந்து நிமிர்ந்தால், கையைத் தூக்கினால் கட்டி பரவும் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. அம்மா படுத்திருந்தாலும் இரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நோய் பரவுவதும் பரவாமல் நிற்பதும் அந்தக் கலங்களின் குணத்தையும் சிகிச்சையையும் பொறுத்தது, முற்றம் கூட்டுவதைப் பொறுத்ததல்ல. பெரியம்மாவுக்கு ஏதாவது ஒன்றைத் தடுத்தே ஆகவேண்டும் என்றால், கட்டியில் எண்ணெய் போட்டு உருவுவதையும், பத்துப் போடுவதையும், வருகிறவர்கள் எல்லாம் அமுக்கிப் பார்ப்பதையும் தடுக்கச் சொல்லுங்கள். அதில் நானும் அவவுடைய கட்சி.

இனி உங்கள் வீட்டில் நடந்திருப்பதைப் பார்ப்போம். விளக்குமாற்றால் முற்றம் கூட்டுவது இடுப்புக்கும் தோளுக்குமான வேலை. கிணற்றில் அள்ளுவது கைப்பிடி, முதுகு, தோள்பட்டை மூன்றுக்கும். கோயிலுக்கு நடப்பது நெஞ்சுக்கும் காலுக்கும். பூக்கன்றடியில் குந்தி எழும்புவது தொடைக்கு. காசு கட்டிப் பயிற்சி நிலையத்துக்குப் போகிறவர்கள் கஷ்டப்பட்டுச் செய்வதை அம்மா தினமும் காலையில் 8 மணிக்கு முன் முடித்துவிட்டு இருந்திருக்கிறா. பயொப்சி முடிவு வந்த அன்று அத்தனையையும் ஒரே நாளில் பறித்துக்கொண்டீர்கள். அன்பினால்தான், எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு கிழமையில் வந்த அந்தக் களைப்பில் நோயின் பங்கைவிடக் கதிரையின் பங்குதான் கூட என்பது என் ஊகம். பயமும் நித்திரையின்மையும் மிச்சம்.

2007 இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். சராசரி 67 வயதுக்காரர், ஒரு நோயுமில்லாதவர்கள். பத்து நாள் கட்டிலை விட்டு இறங்காமல் இருக்கவைத்தார்கள். பத்தாம் நாள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே அப்படி. சாய்மனைக் கதிரை கட்டில் அளவுக்கு மோசமில்லை என்றாலும் அதற்குச் சொந்தக்காரன்தான்.

சதை குறைந்தால் என்ன, கீமோ மருந்துதானே வேலை செய்யப்போகிறது என்று கேட்கலாம். மருந்தைத் தாங்குவது உடம்பு. முதல் ஊசி போட்ட பிறகு சில நாள் களைப்பு வரும், சாப்பாடு மனம் செல்லாது. அப்போது கொஞ்சம் இறங்கும். அடுத்த ஊசிக்குள் முழுவதும் ஏறாமல் திரும்ப இறங்கும். கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கும்போது இறைக்கத் தொடங்குகிறோமா, ஏற்கெனவே அடி தெரிகிற கிணற்றில் இறைக்கிறோமா என்பதே கேள்வி. இந்த மூன்று கிழமையும் ஊற்று ஏறவேண்டிய காலம்.

நோயாளிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற எங்கள் துறையில் சிகிச்சைக்கு முன்னரே உடம்பைத் தயார்ப்படுத்துவது கொஞ்சக் காலமாக நன்றாகப் பேசப்படுகிறது. 2023 இல் வெளியான ஒரு ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யவிருந்த 251 பேரில் ஒரு பாதிக்கு 4 கிழமை உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு, மனத்துக்கு ஆறுதல், புகைப்பவருக்கு அதை விட உதவி என்று எல்லாம் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்கு வழமையான கவனிப்பு. சத்திரசிகிச்சைக்குப் பின் கடுமையான சிக்கல் வந்தவர்கள் வழமையான பக்கத்தில் 100 க்கு 30 பேர் அளவில், தயாரானவர்களில் 17 பேர். அது குடல், உங்கள் அம்மாவுக்கு மார்பு. அது வெட்டுவதற்கு முன், உங்களுக்கு முதலில் கீமோ. அந்த எண்ணிக்கையை அப்படியே தூக்கி அம்மாவின் தலையில் வைக்க மாட்டேன். மார்பகப் புற்றுநோயில் உடற்பயிற்சியால் வருகிற நன்மை என்று நான் துணிந்து சொல்லக்கூடியது: கீமோக் களைப்புக் குறையும், கால் கை பலம் நிற்கும், தோள் இறுகாது, நித்திரையும் மனமும் கொஞ்சம் நேராகும்.

என்ன செய்வது என்று சொல்லுமுன் என் வெட்கக் கதை ஒன்று. வேலைக்கு வந்த புதிதில் ஒரு அம்மாவுக்குப் படம் போட்ட போட்டோக்கொப்பித் தாளில் பன்னிரண்டு பயிற்சி எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போனால், தாள் சாமிப் படத்தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், விபூதி பூசி இருக்கிறது. பயிற்சி ஒன்றும் நடக்கவில்லை. "நீங்கள் தந்தது தங்கச்சி, பத்திரமாய் வைச்சிருக்கிறன்" என்றா. அன்றோடு தாள் கொடுப்பதை விட்டேன். இப்போது செய்வது, வீட்டில் ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு ஒரு அசைவைக் கட்டிவிடுவது.

அதனால் முதல் வேலை, விளக்குமாற்றைத் திருப்பிக் கொடுங்கள். முழு முற்றமும் வேண்டாம், படலையடி மட்டும். பூக்கன்றுக்குத் தண்ணீரும் அம்மாவே ஊற்றட்டும். முழு வாளி பாரமென்றால் அரை வாளி. பயொப்சி செய்த இடத்தில் காயம் ஆறி நோவில்லை என்றால் கப்பியில் அள்ளுவதும் ஆகும். இடையில் களைத்தால் கிணற்றுக்கட்டில் இருந்து ஆறட்டும். நீங்கள் ஓடிப்போய் வாளியைப் பறிக்கக்கூடாது, அது உங்களுக்கான பயிற்சி.

அடுத்தது நடை. வளர்ந்தவர்களுக்குச் சொல்லப்படுகிற அளவு கிழமைக்கு 150 நிமிடம். பெரிதாகத் தெரிந்தாலும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் கிழமையில் ஐந்து நாள் நடந்தால் அதுதான் கணக்கு. அம்மா இரண்டு கிழமை இருந்துவிட்டபடியால் முதல் மூன்று நாள் ஐந்து ஐந்து நிமிடம். பிறகு இரண்டு நாளுக்கு ஒருதரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்று நான் பிடிவாதமாகச் சொல்வது நீரிழிவுக்காக. அந்த நேரம் நடந்தால் சீனி ஏறுவதும் அடங்கும். மத்தியானம் மட்டும் வெயிலுக்குள் வேண்டாம், விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தால் போதும். படலையிலிருந்து கிணற்றடிவரை போய்த் திரும்புவது ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டு சுற்றை எண்ணுங்கள். செருப்புப் போட்டே நடக்கவேண்டும், அடி தேய்ந்த பழைய செருப்பல்ல. ஆடு கட்டிய கயிறு, தென்னோலை, பாசி பிடித்த கிணற்றடிச் சீமெந்து எல்லாவற்றையும் முதல்நாளே பார்த்துத் துப்புரவாக்குங்கள்.

எவ்வளவு வேகம்? நடந்துகொண்டே கதைக்க முடியவேண்டும், ஆனால் தேவாரம் பாட ஏலாமல் இருக்கவேண்டும். பாட முடிந்தால் கொஞ்சம் எட்டி நடக்கலாம். கதையே இடையில் அறுந்து மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. இதைவிட நல்ல கருவி என்னிடமும் இல்லை.

இதில்தான் கனடா அண்ணாவுக்கு வேலை வைத்திருக்கிறேன். வீடியோ அனுப்புவதை நிற்பாட்டிவிட்டு அழைப்பெடுக்கச் சொல்லுங்கள். அங்கே ரொறொன்ரோ என்றால், அம்மா இங்கே காலை 6 மணிக்கு நடக்கும்போது அவருக்கு முதல்நாள் இரவு 8.30. அம்மா காதில் போனை வைத்துக்கொண்டு மகனோடு கதைத்துக் கதைத்து நடக்கட்டும். வசனம் முறிந்தால் "அம்மா, மெதுவாய்" என்று அவர் சொல்லட்டும். நான்கு கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு அம்மாவுக்காகச் செய்ய உருப்படியான காரியம் ஒன்று கிடைப்பதும் சின்ன விசயமில்லை. அவர் அனுப்புகிறவற்றில் குதிப்பதும், தரையில் கையூன்றி நிற்பதும் அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது. "உடற்பயிற்சி புற்றுநோயைத் தடுக்கிறது" என்று ஒரு செய்தியும் வந்திருக்கலாம். 2025 இல் கனடாக்காரர் முன்னின்று செய்த பெரிய ஆய்வு அது, உண்மையானதுதான். குடல் புற்றுநோய்க்கு ஒப்பரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில், மூன்று வருடம் ஒழுங்காக வழிநடத்திப் பயிற்சி செய்வித்தவர்களில் 100 க்கு 80 பேர் ஐந்தாம் வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மற்றப் பக்கத்தில் 74. ஆறு பேர் வித்தியாசம், சிகிச்சை எல்லாம் முடித்த பிறகு. கீமோவுக்குப் பதிலாக நடக்கலாம் என்று யாராவது அதிலிருந்து வாசித்தால் அவருடைய போன் எண்ணைத் தாருங்கள், நான் கதைக்கிறேன்.

கதிரைக்கு வருவோம். சாய்மனைக் கதிரை வேண்டாம், பிளாஸ்ரிக் கதிரையும் வேண்டாம், வழுக்கும். சாப்பாட்டு மேசையின் மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா நுனிக்கு வந்து, பாதம் இரண்டையும் நிலத்தில் நன்றாக ஊன்றி, கையால் பிடிக்காமல் எழும்பி நிமிர்ந்து, மெதுவாக இருக்கவேண்டும். தொப்பென்று விழக்கூடாது, இறங்குகிற அந்த மெதுவில்தான் தொடைக்கு வேலை. முழங்கால் நொந்தால் ஒரு தலையணையை வைத்துக் கதிரையை உயர்த்துங்கள். ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் முன் எட்டுத் தடவை. எங்கள் வீடுகளில் தேத்தண்ணி ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே ஒரு நாளில் நாற்பது தாண்டிவிடும். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். கீமோ நாட்களில் கழிப்பறைக்கு இன்னொருவர் தோளைப் பிடிக்காமல் தானாக எழும்பிப் போவது இந்தத் தொடைச் சதையால்தான். அது போகிற நாள் ஒரு மனுசிக்கு என்ன நாள் என்று நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

நாலாவது, தோள். ஒப்பரேஷனுக்கு மாதங்கள் இருக்க இப்போதே ஏன் என்பீர்கள். கதிர் பிடிக்கும்போது மல்லாக்கப் படுத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, அசையாமல் கிடக்கவேண்டும், கிழமையில் 5 நாள், சில கிழமைகளுக்கு. ஒப்பரேஷனுக்குப் பிறகு தோள் இறுகி, கை மேலே போகாவிட்டால் கதிர்ச் சிகிச்சையைத் தொடங்குவதே தள்ளிப்போகலாம். அத்தோடு நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிடக் கூட. அம்மாவுக்கு இரண்டும் சேருகிறது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி ஏறுவதுபோல் மேலே ஏற்றி, இழுக்கிற இடத்தில் ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, இறக்கவேண்டும். இரண்டு பக்கமும் பத்துத் தடவை, காலை மாலை. முதல் நாள் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு வைத்தியர் விட்டதும் திரும்ப எட்டவேண்டிய இடம் அந்தக் கோடுதான். நோவு வந்தால் நோவுக்கு முன் நிறுத்துங்கள், பல்லைக் கடித்துத் தூக்கத் தேவையில்லை.

ஒப்பரேஷனுக்குப் பிறகு "அந்தக் கையால் ஆயுளுக்கும் ஒன்றும் தூக்கக்கூடாது" என்று யாராவது வந்து சொல்வார்கள், இப்போதே சொல்லி வைக்கிறேன். கை வீங்கும் என்ற பயத்தில் முந்தி நாங்களும் அப்படித்தான் சொன்னோம். 2009 இல், ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வில், கண்காணிப்போடு மெல்ல மெல்லப் பாரம் கூட்டியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. நாங்கள் எங்கள் வாயை மாற்றிக்கொண்டோம். ஊர் இன்னும் மாற்றவில்லை.

மூச்சுப் பயிற்சி ஒப்பரேஷனுக்கு முந்திய மாதத்தில் முக்கியமாகும். இப்போதைக்கு இரவு படுக்குமுன் ஆழமாக இழுத்து, இரண்டு எண்ணி, சுடுதேத்தண்ணியை ஊதுகிற மாதிரி மெதுவாக விடுவது ஐந்து தடவை போதும். நித்திரைக்கும் உதவும்.

இப்போது நேர்த்தி. இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா அடி அழிப்பதை எப்படி மாற்றி நிறைவேற்றலாம் என்பது அவவும் முருகனும் தீர்க்கவேண்டியது. உடம்பின் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இறங்கி, விழுந்து, திரும்ப எழும்புவது, அதுவும் வீதி சுற்றி முடியும்வரை, விரத வயிற்றோடு, நீரிழிவு மருந்தும் போட்டுக்கொண்டு. முழங்கால் நோவுள்ள 61 வயது மனுசிக்கு இந்த வருடம் அது கூடாது. ஆனால் வெளிவீதியை ஒருதரம் நடந்து சுற்றுவது நான் கொடுக்கக்கூடிய நல்ல பயிற்சிகளில் ஒன்று. மணலில் நடப்பது தார் றோட்டில் நடப்பதைவிடக் காலுக்குக் கூட வேலை வாங்கும். இந்த முதல் கிழமையிலேயே, சனம் குறைந்த ஒரு விடியலில், மருந்துக்கேற்றபடி ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். வெறுங்காலோடு நடப்பதால் வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு உட்பட வெளிச்சத்தில் பாருங்கள். நீரிழிவுக் காலில் முள் குத்தினாலும் தெரியாது. தேருக்கும் தீர்த்தத்துக்கும் போகவேண்டாம். 25 நாள் திருவிழாவில் கொடியேறி நாலு நாளென்றால், தீர்த்தம் முடிகிற கையோடு உங்களுக்குக் கீமோ தொடங்குகிறது. அந்தச் சனத்துக்குள் ஒரு காய்ச்சலைப் பிடித்துக்கொண்டு வந்தால் முதல் ஊசியே தள்ளிப்போகும்.

மச்சம் நிற்பாட்டியதைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கண்ணில் குத்தியது. சாப்பிடாமல் செய்கிற பயிற்சி சதையைக் கட்டாது, இருக்கிறதையும் தின்றுவிடும். சிகிச்சைக்குத் தயாராகிறவருக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து 1.5 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்குத் தேவை. அம்மா 58 கிலோ என்று வைத்தால் 70 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில். மீன், முட்டை இரண்டையும் எடுத்துவிட்டு, சோறும் ஒரு கரண்டிப் பருப்பும் இரண்டு மரக்கறியும் வைத்தால் அரைவாசிக்கும் வராது. சைவத்தை விடச் சொல்ல நான் வரவில்லை. சைவத்தைச் சத்தாக்குங்கள்: காலையில் பயறோ கௌபியோ அவித்து, மத்தியானம் கட்டிப் பருப்போடு சோயாமீற், பின்னேரம் கடலைச் சுண்டல், இரவு உழுந்து சேர்ந்த தோசை, இடையில் தயிரோ சீனியில்லாத பாலோ. அதுவும் நாள் முழுவதும் பிரித்துக் கொடுக்கவேண்டும், ஒரே வேளையில் அல்ல. நீரிழிவோடு சிறுநீரகத்திலும் பிரச்சினை என்று முன்பு சொல்லியிருந்தால் இந்த அளவை வைத்தியரிடம் கேட்காமல் கூட்டாதீர்கள். ஒருநேர விரதம் இந்த மூன்று கிழமையும் வேண்டாம். சத்துமா, குளுக்கோசு, இனிப்பு என்று நோயாளிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிற பெண்களில் பலருக்கு நிறை கூடத்தான் செய்கிறது, சதை குறைந்து கொழுப்புக் கூடுகிறது. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கிற ஸ்ரெறொயிட் மருந்து சீனியையும் ஏற்றும். வந்ததை வாங்கி நன்றி சொல்லுங்கள், அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

அயலுக்குத் தெரியக்கூடாது என்ற அப்பாவின் கட்டளைக்கு நான் எதிராய்ப் போகவில்லை. வளவுக்குள்ளேயே நடக்கலாம், அதற்கு ஒழுங்கை தேவையில்லை. ஆனால் அப்பாவிடம் ஒன்றைப் பக்குவமாய்ச் சொல்லுங்கள். மார்பகத்துக்கு வழமையாகக் கொடுக்கிற சிவப்பு நிறக் கீமோ மருந்து என்றால் முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று கிழமையில் தலைமயிர் உதிரும். ஆக இந்த மறைப்புக்கு மிஞ்சினால் ஆறு கிழமை ஆயுள். அதன் பிறகு தெரியத்தான் போகிறதென்றால், நம்பக்கூடிய ஒரு சிநேகிதிக்கு அம்மா தானே இப்போது சொல்லி, பின்னேரத்தில் இரண்டுபேரும் சேர்ந்து நடப்பது எவ்வளவோ மேல். நீங்கள் போகப்போகிற தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று அப்பாவுக்கு ஞாபகமூட்டுங்கள். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர், 27 நாள் சனம் சேர்ந்து நடந்து திரட்டிய பணம். ஊரறிய நடந்து கட்டிய ஆஸ்பத்திரிக்கு ஒளித்துப் போகிறோம்.

நான் அம்மாவைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதை மறக்கவேண்டாம். மெதுவாக நடப்பதற்கும் கதிரையில் இருந்து எழும்புவதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு மேலே கூட்டுமுன் அடுத்த கிளினிக்கில் நாலு கேள்வி கேளுங்கள்: ஹீமோகுளோபின் எவ்வளவு, இருதயத்தின் எக்கோ செய்தாயிற்றா, எப்படி இருந்தது, எலும்பில் ஏதும் உண்டா, அம்மா போடுகிற நீரிழிவுக் குளிசை சீனியைத் திடீரென இறக்கக்கூடியதா. மெற்போமின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு; கிளிக்கிளசைட் போன்றதோ இன்சுலினோ என்றால் மடியில் இரண்டு ரொபி இருக்கவேண்டும். நடக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் இருந்து ரொபியைச் சாப்பிட்டுவிட்டுச் சீனியைக் குத்திப் பாருங்கள். 70 க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு நடை இல்லை, அடுத்த நாளே வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

நெஞ்சு நோவு, இருந்தபடியே மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், முதுகிலோ இடுப்பிலோ புதிதாக வந்து இரவிலும் விடாத எலும்பு நோவு: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிற்பாட்டி உடனே காட்டுங்கள். கீமோ தொடங்கிய பிறகு காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், பரசிற்றமோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது, இரவு இரண்டு மணியென்றாலும் ஓட்டோ பிடியுங்கள்.

கீமோ நாட்களில் இதே ஒழுங்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட முதல் சில நாள் ஐந்து நிமிட நடையும் நாலு தரம் எழும்புவதும் போதும். ஒன்றுமே ஏலாத நாளும் வரும், அன்று விடுங்கள், அடுத்த நாள் பார்க்கலாம். இரண்டாம் கிழமையில் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும், அப்போது கோயிலும் சந்தையும் கலியாணவீடும் வேண்டாம், வளவே உலகம். சில மருந்துகளால் பாதம் விறைக்கும்; ஏற்கெனவே நீரிழிவுக் கால் என்பதால் அம்மா விழப் பார்ப்பா. அதற்கு இப்போதிருந்தே, குசினியில் சொதி கொதிக்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்கப் பழக்குங்கள்.

நாளைக் காலை செய்யவேண்டியது இது. மரக்கதிரையைச் சுவரோடு போட்டு, போனில் 30 செக்கன் வைத்து, அம்மா எத்தனை தடவை முழுதாக எழும்பி இருக்கிறா என்று எண்ணுங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு 12 க்குக் குறைந்தால் கால்பலம் காணாது என்பது கணக்கு. ஆறுதான் வந்தாலும் மனம் சோரவேண்டாம், முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம், அம்மா உங்கள் முகத்தைத்தான் பார்ப்பா. தலையணை வைத்து எண்ணினால் அடுத்த தடவையும் அதே தலையணை. எண்ணைக் கலண்டரில் அந்தத் திகதியில் எழுதுங்கள். கீமோவுக்கு முதல்நாள் திரும்ப எண்ணி, இரண்டையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். சுவரில் போட்ட பென்சில் கோட்டைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.